நின்றாலும் ஃபாஸ்ட்

இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொற்களில் நம் ஊரில் ஓவர்டைம் பார்ப்பது 'ஃபாஸ்ட்'தான். கடிகாரம் ஃபாஸ்ட். பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் ஃபாஸ்ட். பெயரில் ஃபாஸ்ட் பாசஞ்சர் என்று போட்டுக்கொண்டு, ஆடு மேயும் ஸ்டேஷனில்கூட நின்ற ரயிலும் ஃபாஸ்ட்.

அந்த ரயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அர்த்தமே 'அசையாதது, இறுகியது'. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அவசரமாகத் தூங்குவதல்ல, இடி விழுந்தாலும் புரளாமல் தூங்குவது. துணிக்கடையில் 'ஃபாஸ்ட் கலர்' என்றால் ஓடாத சாயம். கப்பலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதை மாலுமிகள் 'மேக் ஃபாஸ்ட்' என்பார்கள். தரைதட்டி நகர முடியாமல் நின்ற கப்பலை 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்' என்றார்கள். அந்தக் கப்பல்தான் நம் ஆபீஸ்களுக்குள் ரூலாக வந்து சேர்ந்தது. 'அப்படியொன்றும் ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல் இல்லை சார்' என்று சொல்லும் குமாஸ்தாவின் மேஜையில் என் ஃபைல் மட்டும் தரைதட்டிக் கிடந்தது வேறு கதை.

உண்ணாவிரதமும் இதே ஃபாஸ்ட்தான். விரதத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பதிலிருந்து வந்தது. அதை முறிப்பதால் காலைச் சாப்பாட்டுக்கு பிரேக்ஃபாஸ்ட் என்று பேர். எங்கள் வீட்டு ஏகாதசியில் சோறு கூடாது. ரவை உப்புமா, வாழைப்பழம், பால், மறுபடி உப்புமா உண்டு. உறுதிக்குக் குறைவில்லை, பசிக்குத்தான் இடமில்லை.

சரி, கட்டிப்போட்ட சொல் எப்படி ஓட ஆரம்பித்தது? இறுக்கமாக என்பது 'பலமாக' ஆனது. பலமாக ஓடினால் வேகமாகத்தானே ஓடவேண்டும்? இடைக்கால ஆங்கிலத்திலேயே வேகம் ஒட்டிக்கொண்டது. பழைய அர்த்தத்தையும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றால், நம் 'கடு'வும் அதே ஜாதி. கடுமையைத் தந்த அந்த வேர்தான் விரைவைச் சொல்ல 'கடிது', 'கடுகி' என்று ஓடுகிறது. இலங்கையில் எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் கடுகதி என்றே பெயர்.

இத்தனையையும் மனைவியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எண்ணெய் வாங்கிட்டு வாங்கன்னு காலையில சொன்னேன். நீங்க எந்தக் காலத்து ஃபாஸ்ட்டுன்னு இப்பத்தான் புரியுது."