பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

நம் வீடுகளில் சுவர்க்கடிகாரத்துக்கென்று ஒருவர் இருப்பார். அப்பா, தாத்தா, இல்லாவிட்டால் மாமனார். சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஸ்டூல் எங்கே என்று தெரியும். ஏறி, கடிகாரத்தை இறக்கி, தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து, செல்லை உள்ளங்கையில் உருட்டித் திரும்பப் போட்டு (உருட்டினால் இன்னும் ஒரு மாசம் வருமாம்), முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டு இறங்குவார். பிறகு ஊருக்கே கேட்கும்படி ஓர் அறிவிப்பு: "பத்து நிமிஷம் ஃபாஸ்ட்!"

அந்தப் பத்து நிமிஷத்தால் யாரும் எந்த பஸ்ஸையும் பிடித்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எல்லோரும் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். கழிக்காதவர் அவர் ஒருவர்தான். ஒன்பது மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்.

என் மாமனார் இந்த வர்க்கம். திருச்சியில் அவர் கையில் ஓர் எச்.எம்.டி. தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்துவிட்டு, குமிழை வெளியே இழுத்துப் பிடித்தபடி ரேடியோ முன்னால் நிற்பார். 7.15 டெல்லிச் செய்தி. "ஆகாசவாணி" என்ற குரல் வந்ததும் குமிழ் உள்ளே போகும். யோசித்துப் பார்த்தால், அவரே வானொலியால் ஓடிய கடிகாரம்தான்.

அதனால்தான் ஆறு மாசத்துக்கு நியூ ஜெர்சி வந்தவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஓர் 'அட்டாமிக்' சுவர்க்கடிகாரம் வாங்கினேன். பெட்டியைப் பார்த்ததும் அத்தை, "கல்பாக்கம் மாதிரியா? குழந்தை இருக்கிற வீடு" என்று பின்வாங்கினார். அணு இங்கே இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. அணுக் கடிகாரங்கள் இருப்பது கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் பக்கம். அங்கிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.பி. என்ற நிலையம் 1963 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் ராத்திரி பகலாக நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. விநாடிக்கு ஒரு துணுக்காக, ஒரு நிமிஷத்தில் மணி, நாள், வருஷம் எல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து.

"நாள் பூரா 7.15 செய்தி மாதிரி" என்றேன். மாமா முகத்தில் முதல் முறையாக அமெரிக்காவைப் பற்றி ஒரு மரியாதை தெரிந்தது.

செல்லைப் போட்டதும் முட்கள் தாமாகவே விறுவிறுவென்று ஓடிப் பன்னிரண்டில் போய் நின்றன. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பின்பக்கம் நான்கு பொத்தான்கள், அமெரிக்காவின் முக்கியமான நான்கு நேர மண்டலங்களுக்கு.

"நம்ம ஊரு?"

"இல்லை மாமா. அந்த சிக்னல் அங்கே எட்டாது."

"எட்டினாலும் நம்ம அரை மணியை எங்கே வைப்பான்?" என்றார். நியாயமான கேள்வி.

கூடவே வந்த கையேட்டில் அடுத்த வரி: மேற்கு ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு இரவு முழுவதும் தொடாமல் விடவும். நீண்ட அலை இரவில்தான் நன்றாக எட்டும், அதனால். படிப்பதற்கு எளிய வாக்கியம். ஆனால் நாற்பது வருஷம் ஸ்டூலில் ஏறி இறங்கியவரிடம் 'தொடாதே' என்றால்? அன்று ராத்திரி மூன்று தடவை ஹாலில் வெளிச்சம் எரிந்தது. மூன்று தடவையும் 'பாவம், தேடிட்டே இருக்கு' என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார். மூன்று தடவையும் அது தேடலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. விடிந்தபோதும் மணி பன்னிரண்டு.

இரண்டாம் இரவு சளி மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார். காலையில் கடிகாரம் விநாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. போனோடு ஒப்பிட்டார், டிவியோடு ஒப்பிட்டார். "சரியாத்தான் இருக்கு" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அன்று மத்தியானம் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டு, அறிவிப்பையும் செய்துவிட்டு, நிம்மதியாகக் காபி குடித்தார். மறுநாள் காலை பத்து நிமிஷம் போயிருந்தது. பேத்தியைக் கூப்பிட்டு விசாரணை. அவள் அழ, அத்தை பரிந்து பேச, மாமா மீண்டும் தள்ளி வைத்தார். மறுநாளும் அதே கதை. எங்கோ 2,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருத்தன் ராத்திரி ராத்திரி வந்து தன் வீட்டு நேரத்தைத் திருத்திவிட்டுப் போகிறான் என்பது புரிய அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

"இதை எல்லாம் அனுபவம் தெரியாதவன் செஞ்சிருக்கான் மாப்பிள்ளை. சரியான நேரத்தை வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி நேரத்துக்குக் கிளம்புவான்?"

அதன் பிறகு இரண்டு நாள் கடிகாரத்தின் பக்கமே போகவில்லை. மூக்குக் கண்ணாடியோடு கையேட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் படிக்கிற படிப்பு.

இப்போது கடிகாரம் ஜன்னல் பக்கம் இல்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் தலைமேல் நிற்கிறது, முதுகுக்கு அத்தையின் எவர்சில்வர் தாம்பாளம், பக்கத்தில் மைக்ரோவேவ். கையேட்டில் 'உலோகப் பொருள்கள், மின்சாதனங்கள் அருகில் வைத்தால் சிக்னல் கிடைக்காது' என்ற எச்சரிக்கையின் கீழ் பேனாவால் இரண்டு கோடு.

நான் ஆபீஸுக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பத்து நிமிஷம் ஃபாஸ்ட்!"