குதிரைவாலிக்கு வந்த வாழ்வு

வாடா பேராண்டி, உட்காரு. மெட்ராஸ்லேருந்து தாத்தனுக்கு என்னமோ கொண்டாந்திருக்கான்னு ஆசையாப் பிரிச்சா, குதிரைவாலி அரிசி! பாபநாசத்துப் பக்கம் குதிரைவாலியைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்த முதல் ஆளு நம்ம வம்சத்துல நீதான்.

நாங்க காசு கொடுத்துப் பிடுங்கி எறிஞ்சவங்கடா. நட்ட வயல்ல நெல்லோட நெல்லா ஒளிஞ்சு நிக்கும் பாரு குதிரைவாலிப் புல்லு, அதோட பங்காளிதான் உன் பாக்கெட்டுக்குள்ள இருக்கு. சட்டுன்னு வித்தியாசம் தெரியாது. களையெடுக்குற பொம்பளைங்க இலை தாளோட சேர்ற இடத்தை விலக்கிப் பார்ப்பாங்க. நெல்லுன்னா அந்தக் கழுத்துல வெள்ளையா ஒரு சவ்வு நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். புல்லுக்கு நாக்கு கிடையாது. நாக்கு இல்லாததை வரப்புல வீசிட்டு, மிச்சத்தை நம்ம நாக்குக்கு விட்டாங்க.

சரி, அரிசிக்கு மாத்து வேணுங்கிற. டாக்டர் சொல்றார், உன் பொண்டாட்டி சொல்றா, ஐ.நா. சபையும் 2023-ஐச் சிறுதானிய ஆண்டுன்னு சொல்லிப்புட்டுது. நான் மாட்டேன்னா சொன்னேன்? கோபுரக் கலசத்துக்குள்ள வரகைப் போட்டு வைக்கிற சனம் நாம. ஆனா நேத்து ராத்திரி உன்னைப் பார்த்தேன். "சாமைதானே தாத்தா"ன்னு மூணு தரம் போட்டுக்கிட்ட. சாமைன்னா வயிறு கணக்குல சேர்த்துக்காதா? அதுலயும் இருக்கறது பெரும்பாலும் மாவுச்சத்துதான் ராசா. நல்லது பண்றது அந்தத் தவிட்டுல இருக்குற நாரு. அதையும் தீட்டி எடுத்துட்டு வெள்ளை வெளேர்னு வாங்கிட்டு வந்தா, சாமைக்கும் பொன்னிக்கும் பேருதான் வேற.

தீட்டுற கூத்தைக் கேளு. நம்ம ஆளு நெல்லுல ஆடுதுறை ரகமும் சி.ஆர். 1009-ம் விளைய வச்சு, கொள்முதல் நிலையத்துல மூட்டையைப் போட்டுட்டு, கடையில கர்நாடகா பொன்னி வாங்கித் திங்கிறான். பொன்னியைத் தீட்டுறப்ப உதிர்ற தவிட்டுல எண்ணெய் எடுத்துப் பாட்டில்ல அடைச்சா, இருதயத்துக்கு நல்லதுன்னு அதையும் போயி வாங்குறான். சோத்தோட சும்மா வந்தப்ப வேணாம்னுட்டான்!

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 2006-லேருந்து நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம்னு 170-க்கு மேல பழைய ரகங்களைத் தேடிப் பிடிச்சு வச்சுட்டுப் போனார். தவிடு போகாத மாப்பிள்ளைச் சம்பாவை வடிச்சுப் பாரு. ரெண்டாவது தரம் போட்டுக்கறதுக்குள்ள தாடையே வலிச்சுப் போதும்னுரும்.

மாத்து மாத்துன்னு கடை கடையா ஏறுறியே, அது உங்கப்பன் வயல்லயே கிடக்கு. தை மாசம் சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில, மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கறப்ப, நிக்கிற கதிருக்குள்ளயே உளுந்தும் பயறும் தெளிச்சு விடுவோம். உழவு கிடையாது, மடை திறக்குற வேலை கிடையாது. மண்ணுல மிஞ்சின ஈரமும் பனியும் போதும், 70 நாள் சுமாருக்குக் காய் கைக்கு வந்துரும். இப்பத்தான் அறுவடை மிஷினு ஏறி முளையை நசுக்கிப்புடுதுன்னு சிலபேரு விட்டுட்டான். நூறு கிராம் அரிசியில புரதம் 7 கிராம்னா உளுந்துல 24. இதுக்குப் பாக்கெட்டும் இல்ல, விளம்பரமும் இல்ல, அதான் உன் கண்ணுல படல.

பயறை முளைகட்டிச் சுண்டல் பண்ணு. அடைக்குப் பருப்பு ரெண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு, அதுலயே முருங்கைக்கீரையும் உருவிப் போடு. பொண்டாட்டியை எதுக்குப் பார்க்குற? நீயே அரை, கிரைண்டர் கரண்டுலதானே ஓடுது. சோறு திங்கிற அன்னிக்கு வாழைத்தண்டுக் கூட்டை முதல்ல முடிச்சுட்டு, அப்புறம் வயித்துல எடம் எவ்வளவுன்னு பார்த்துச் சோத்தைக் கேளு. சர்க்கரைக்கு மாத்திரை போடுற உன் மாமியா மட்டும் டாக்டரைக் கேக்காம சோத்தைச் சட்டுன்னு நிறுத்த வேணாம். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தா பழி என் தலையில விடியும்.

என்னடா உறியை அண்ணாந்து பார்க்குற? அடைக்குத் தொட்டுக்க வெல்லமா? அதை ஒளிச்சு வச்சாச்சு. அது எம்பது தாண்டினவங்களுக்கு மட்டும்.