தானத்தில் பேரமா?

கே: நன்கொடை தருபவர் தந்துவிட்டுப் போகவேண்டியதுதானே? பெண்ணுரிமை, சமவாய்ப்பு என்று நிபந்தனை எதற்கு? தானத்தில் பேரம் பேசலாமா?

ப: பேசலாம். பேசியதால்தான் சில டாக்டரம்மாக்கள் கிடைத்தார்கள்!

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறந்தாகிவிட்டது. மருத்துவக் கல்லூரி தொடங்கத்தான் பணமில்லை. ரயில் கம்பெனித் தலைவரின் மகள் மேரி காரெட்டும் தோழிகளும் பெண்களிடம் நிதி திரட்டி, 1 லட்சம் டாலரோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திடம் போனார்கள். ஒரே நிபந்தனை: ஆண்களுக்குள்ள அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும். பேரம் அங்கேயும் நடந்தது. 5 லட்சம் சேரட்டும் என்றது பல்கலைக்கழகம். மேலும் திரட்டியது போகப் பற்றாக்குறையாக நின்ற தொகையை, 3 லட்சத்துக்கும் மேல், மேரியே கொடுத்தார். கொடுக்கும்போது நிபந்தனையையும் கூட்டினார்: பட்டம் பெற்று, அறிவியல் படித்து வருபவர்களுக்கே இடம். அன்று அந்த நாட்டில் பட்டமில்லாமலே டாக்டருக்குப் படிக்கப் பல கல்லூரிகள் இருந்தன. மேரியிடம் நான் வியப்பது இதைத்தான். பெண்களுக்குச் சலுகை கேட்காமல், ஆண்களுக்கும் சேர்த்துத் தரத்தை உயர்த்திவிட்டார். நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய நன்கொடை எது?

1893-ல் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் 18 பேர், மூவர் பெண்கள்.