ஐவர் குழுவின் ஒருநாள் சென்னைப் பயணம்: ஒரு திணைசார் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: காட்பாடியில் காலையில் ரயிலேறிச் சென்னை போய், இரவுக்குள் வீடு திரும்பும் நண்பர் குழு அந்த மாநகரில் எதைப் பார்க்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஒருவரையொருவர் பார்க்கிறது என்பதே விடை. சென்னை இடையிடையே பின்புலமாகத் தென்படும். இதை ஒரு குறையாக இவ்வாய்வாளர் கருதவில்லை. ஆனால் டிக்கெட் எடுத்தவர் என்ற முறையில் பதிவுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறார்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மதராஸ்காரர்கள் எங்கள் பக்கம் வருவதற்காகவே அந்தத் தண்டவாளம் போடப்பட்டது என்பர் ஒரு சாரார். எங்கள் பக்கத்தார் மதராஸ் போய்வருவதற்காகவே என்பர் மறுசாரார். ஜோலார்பேட்டையிலிருந்து காலையில் சென்னைக்குப் போய் மாலையில் திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸின் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிப் பார்த்தவர்கள் இரண்டாம் கொள்கையின் பக்கமே நிற்பார்கள். உட்கார இடமிருக்காது.

குழு ஐவராக இருப்பது தற்செயல் அன்று. மூவர் என்றால் ஒரு ஆட்டோவில் சட்டப்படி போகலாம். நால்வர் என்றால் ஓட்டுநர் மனம் வைத்தால் போகலாம். ஐந்தாமவர் சேர்ந்ததும் இரண்டு ஆட்டோ வேண்டும். இரண்டு ஆட்டோ என்றதும் எந்த ஆட்டோவில் யார், எந்த ஆட்டோவுக்கு யார் பணம் என்ற கேள்விகள் எழும். ஆய்வுக்குரிய சிக்கல்கள் அனைத்தும் ஐந்தாமவரோடுதான் பிறக்கின்றன. அவர் யார் என்பதில் குழுவுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அடுத்து, நாள் குறித்தல். குழுவில் ஒருவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி, அவருக்கு ஞாயிறு மட்டும் லீவு. ஒருவர் மொபைல் கடை, அவருக்கு ஞாயிறுதான் வியாபாரம். ஒருவர் ஆஸ்பத்திரியில் ஷிப்ட், அவருடைய லீவு அவருக்கே முதல்நாள் இரவுதான் தெரியும். மற்ற இருவர் வங்கியும் பள்ளிக்கூடமும். இந்த ஐந்து நாட்காட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிபவை தேசிய விடுமுறைகள் மட்டுமே. ஆகவே ஆகஸ்ட் 15. அன்று டாஸ்மாக்கும் அடைப்பு என்பதால், பயணத்தில் நேர்ந்த குழப்பங்களுக்கு அதைக் காரணம் காட்ட வழியில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை.

தமிழ் இலக்கணம் புணர்தலைக் குறிஞ்சிக்கும், இருத்தலை முல்லைக்கும், ஊடலை மருதத்துக்கும், பிரிதலைப் பாலைக்கும், இரங்கலை நெய்தலுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. ஐந்தையும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் தருவது இப்பயணம் ஒன்றே. மலை தெரியும் காட்பாடி பிளாட்பாரத்தில் நால்வர் கூடுவது குறிஞ்சி. ஐந்தாமவருக்காக அந்த நால்வரும் காத்திருப்பது முல்லை. போன் போட்டால் "வந்துட்டே இருக்கேன் மச்சி, கேட் கிட்ட இருக்கேன்" என்று பதில் வரும். பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் ஓசை தெளிவாகக் கேட்கும். முல்லைத் தலைவன் கார்காலம் தொடங்கினால் வந்துவிடுவான். இவர் வண்டி நகரத் தொடங்கினால்தான் வருவார்.

அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு வருகிறது, எக்ஸ்பிரஸ் நிற்பதில்லை. காளியோடு சிவன் ஆடிய தலம், ஐந்து சபைகளில் இரத்தின சபை. ஆனால் இந்த ஆய்வுக்கு அவ்வூர் வேறு வகையில் முக்கியம். சோழர் காலத்துத் திருவாலங்காட்டு நடராசர் இதே திக்கில் சென்னைக்குப் போனவர். இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். திரும்பவில்லை. தனியாகப் போனதால்தான் உருப்படியாக ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அவரைப் பார்ப்பதே எங்கள் நிரலில் முதல் வரி.

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், ஆளுக்குப் பத்து ரூபாய். இதைக் குழு அறியும். அறிந்தும், ஷேர் ஆட்டோ என்றார் ஒருவர்; பஸ் என்றார் ஒருவர்; மெட்ரோவுக்குள் இறங்கி ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம் என்றார் ஒருவர். இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து விலை சொல்லிப் பார்த்து, எங்கள் விவாதத்தின் தரம் கண்டு விலகிப் போனார்கள். முடிவு எட்டப்பட்டபோது, நடந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பதும் கூடவே எட்டப்பட்டது.

1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. இங்கே ஒரு பொதுவிதி கிடைக்கிறது: ஐவருக்கும் என்று விடுமுறையோ, அன்று அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. இதில் வியக்க ஒன்றுமில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களும் மனிதர்கள். அவர்களுக்கும் நண்பர்கள் உண்டு. அவர்கள் அன்றைக்கு ரயிலேறி எங்கள் வேலூர்க் கோட்டையைப் பார்க்க வருகிறார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. மூடிய கேட்டின் முன்னால் ஐவரும் செல்பி எடுத்துக்கொண்டோம். இதை இகழ்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இதே நடராசரைப் பற்றி 1913இல் உருகி உருகி எழுதியது புகைப்படங்களை மட்டும் பார்த்துத்தான். நேரில் பார்த்தே தீரவேண்டும் என்பது கட்டாயமில்லை.

மருதத்துக்கு வருவோம். நண்பகலில் நிகழ்ந்தது. சைவமா அசைவமா என்பதில் தொடங்கி, போன தடவை யார் சொன்ன கடைக்குப் போனோம், அங்கே என்ன ஆயிற்று என்பது வரை ஊடல் நீண்டது. ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். இது ஊடலின் முற்றிய நிலை; வாயில் வேண்டி மற்றவர்கள் பின்னால் ஓடினோம். இறுதியில் ஐவரும் மனமொப்பிப் புகுந்த கடையின் போர்டில் எழுதியிருந்தது: ஆம்பூர் பிரியாணி. ஆம்பூர், காட்பாடிக்கு மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நாங்கள் கிழக்கே நூற்று முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து அதைச் சென்றடைந்திருந்தோம். சீரக சம்பா அரிசிதான், கத்தரிக்காய்த் தொக்கும் உண்டு. "நம்ம ஊரு மாதிரி இல்லடா" என்று ஐவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைய நாளில் குழு கருத்தொருமித்த இடம் அது ஒன்றுதான்.

பாலைக்கு ரங்கநாதன் தெரு. ஆகஸ்ட் 15 என்பது ஆடிமாதத்தின் கடைசி. ஆடித் தள்ளுபடியின் உச்சமும் அதுவே. மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கும்வரை ஐவர். தெருவுக்குள் பத்தடி போனதும் ஐந்து ஒருவர். அதன்பிறகு நடந்த உரையாடல் ஆய்வுத் தரவாக அப்படியே தரப்படுகிறது. "டேய் எங்கடா இருக்கே?" "அந்தப் பெரிய துணிக்கடை வாசல்ல." அந்தத் தெருவில் எந்த வாசலில் நின்றாலும் அது பெரிய துணிக்கடை வாசல்தான். "சரி, அங்கேயே நில்லு, வர்றேன்." இருவரும் ஒருவருக்கொருவர் இதைச் சொன்னதால், இருவரும் நின்றார்கள். தங்கைக்குச் சுடிதார் வாங்கவந்தவர் மட்டும் வேலையை முடித்தார். அவர் போனில் சார்ஜ் இல்லை.

நெய்தலுக்குக் கிடைத்த நேரம் குறைவு, எனவே பத்தியும் குறைவு. மெரினாவில் கடல் இருக்கிறது. அதுவரை நடந்துபோக மணல் இருக்கிறது, நேரம் இல்லை. மிளகாய் பஜ்ஜி தின்றபடியே தூரத்திலிருந்து கடலைப் பார்த்து இரங்கினோம். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை அருகில் பார்த்தோம். நால்வர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1959 முதல் பாறை அசையவில்லை. குழுவாகச் சேர்ந்து செயல்படுவது பற்றி அரசு செலவில் நிறுவப்பட்ட சான்று இதைவிட வேறு வேண்டாம். அவர்கள் நால்வர்தான் என்பதையும் கவனிக்க.

திரும்பும் வண்டியில் கணக்கு. வங்கிக்காரர் போனில் கூட்டிக் கழித்தார். மெட்ரோ சமபங்கு. பிரியாணியில் ஒருவர் அரை பிளேட். பஜ்ஜியில் ஒருவர் ஒன்று மட்டும் தின்றதாகச் சொன்னார். இரண்டு என்பதற்குச் சாட்சி இருந்தது. "ரவுண்டாப் போடுடா" என்றதும், யாருக்குச் சாதகமான ரவுண்டு என்ற கேள்வி எழுந்தது. வாலாஜா ரோடு தாண்டும்போது கணக்கு முடிந்து, மூவர் ஜிபே செய்தார்கள். ஐந்தாமவர் வீட்டுக்குப் போய் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனில்தான் சார்ஜ் இல்லையே.

இக்கொள்கைக்கு ஒரு மறுப்பு உண்டு: முன்கூட்டியே திட்டமிட்டால் ஐவரும் ஊரைப் பார்த்துவிடலாமே என்பர். அற்றன்று. நாங்கள் மூன்று வாரம் வாட்ஸாப்பில் திட்டமிட்டோம். மேற்சொன்னவை அந்தத் திட்டத்தின் விளைவுகள்.

ஆய்வை விரிவாக்க விரும்புவோர் கவனத்துக்கு: கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. சனி, ஞாயிறு எங்கள் குழுவுக்கு ஆகாது. மிஞ்சுவது புதனும் வியாழனும். அந்த நாட்களில் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் நான்கு நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் இவ்வாய்வாளருக்குக் கொடுத்துதவுக. பழைய நால்வரைப் பதிலுக்குத் தரச் சித்தமாயிருக்கிறார்.