டிஃபரன்ஸா, டிஸ்ப்யூட்டா? மாடித் தொட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

கொஸ்டின், டிஃபரன்ஸ், டிஸ்ப்யூட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் ஏறக்குறைய ஒன்றுதான் என்போர் அகராதியை மட்டும் புரட்டியவர்கள். 1960-இல் கராச்சியில் கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை அவர்கள் புரட்டவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னால் பஞ்சாயத்துக்கு யார் வருவார் என்பதே இவற்றின் மெய்ப்பொருள் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

காதலர் பிணக்கில் இளையது புலவி, முதிர்ந்தது துனி என்று பரிமேலழகர் பிரித்தார். ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவும் அவ்வழியே செல்கிறது, காதல்தான் இல்லை. ஐயம் எழுந்ததும் அது கொஸ்டின். இந்தியா, பாகிஸ்தான் என இரு நாட்டு ஆணையர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசியும் தீராதது டிஃபரன்ஸ். அதற்கு நடுநிலை வல்லுநராகக் கைதேர்ந்த பொறியாளர் ஒருவர் வருவார். அவருக்கும் அடங்காதது டிஸ்ப்யூட். ஏழு பேர் கொண்ட நடுவர் மன்றம் கூடும்.

பாக்லிஹார் அணை டிஃபரன்ஸ் ஆனது. சுவிஸ் பொறியாளர் ரேமன் லஃபீத் 2007-இல் முடிவு சொன்னார். கிஷன்கங்காவிலிருந்து நீரைத் திருப்புவது டிஸ்ப்யூட் ஆனது. மன்றம் 2013-இல் இறுதித் தீர்ப்பு சொன்னது. இதுவரை இலக்கணம் பிசகவில்லை.

பிசகியது 2016-இல். கிஷன்கங்கா, ரட்லே மின்திட்டங்களின் வடிவமைப்பை டிஃபரன்ஸ் என்றது இந்தியா, டிஸ்ப்யூட் என்றது பாகிஸ்தான். கையைப் பிசைந்த உலக வங்கி பொறியாளர், மன்றத் தலைவர் என இரு நியமனங்களையும் நிறுத்திவைத்தது. 2022-இல் இருவரையுமே நியமித்தது. அணை குறித்த பிணக்கு போய், அந்தப் பிணக்குக்கு என்ன பெயர் என்ற பிணக்கு வந்தது. மன்றத்தின் பக்கமே இந்தியா தலைகாட்டவில்லை.

இனி கள ஆய்வு. எங்கள் குடியிருப்பில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. "மோட்டாரைப் போட்டுட்டு யாரும்மா மறந்தது?" என்றார் கீழ்வீட்டு மாமா. இது கொஸ்டின். "நாங்க அப்பவே நிறுத்திட்டோமே அங்கிள்" என்றது மேல்வீடு. இங்கே டிஃபரன்ஸ் பிறந்துவிட்டது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றது மேல்வீடு; அசோசியேஷனைக் கூட்டு என்றார் மாமா.

ஆய்வின் கரு இதுதான். பிளம்பர் ஏணி போட்டு ஏறுவார், மிதவையை ஆட்டிப் பார்ப்பார், "வால்வு போயிடுச்சு சார்" என்று இறங்கிவிடுவார். அவருக்கு வழக்கின் வரலாறு வேண்டாம். அசோசியேஷன் கூடினாலோ மாடிப்படியில் கழற்றிய செருப்பு, குறுக்கே நின்ற ஸ்கூட்டர், போன பொங்கலுக்குச் சொல்லாமல் பறித்த முருங்கைக்காய் என எல்லாம் சாட்சிக்கு வரும். ஆகவே குழாயளவில் கோபமுள்ளவர் டிஃபரன்ஸ் என்பார். பழைய கணக்கு வைத்திருப்பவர் டிஸ்ப்யூட் என்பார். மாமாவிடம் நோட்டே இருக்கிறது.

நான்காவது சொல் ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தை அபேயன்ஸில், அதாவது கிடப்பில், வைப்பதாக அறிவித்தது. 9-ஆம் பிரிவின் படிநிலையில் இல்லாத இச்சொல்லைப் பேப்பரில் படித்த மேல்வீட்டார், அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை அபேயன்ஸில் வைத்திருப்பதாகச் செயலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.