ஆம்பூர்ப் பிரியாணி இலையில் அமரும் பெண் ஈயின் இல்லறம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆம்பூரில் ஜீரக சம்பா பிரியாணி இலைக்கு வந்த மறுகணமே ஈயும் வந்துவிடும். வந்தது ஆணா பெண்ணா, கன்னியா மணமானவளா என்று எந்த முதலாளியும் கல்லாவை விட்டு எழுந்துவந்து விசாரித்ததில்லை. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப் பரப்பு: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. 2019இல் வேலூர் மாவட்டத்தை அரசு மூன்றாகப் பிரித்தது. ஈக்கள் அந்த அரசாணையை இன்னும் ஏற்கவில்லை. டேனரி வாசலில் இறங்கும் உப்புத்தோலின் ஓரச் சதையும், கடையில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கத்தரிக்காயும் அவற்றுக்கு ஒரே தாலுகா.

வீட்டு ஈயில் பெண் பெரும்பாலும் ஒருமுறைதான் கூடும். கற்புநெறிப் புலவர்கள் இதைக் கேட்டு எழுதுகோலை எடுப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கலவி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். விந்தணு தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். மிச்ச நேரம் ஆணின் விந்துக்குழாய்ச் சுவர் சுரக்கும் திரவத்துக்கு. அது ஏறியபின் பெண் வேறு ஆணைத் திரும்பிப் பார்ப்பதில்லை, முட்டையிடப் போய்விடுகிறாள். ஏடிஸ் கொசுவிலும் இதே கதைதான் என்று ஆய்வாளர் கிரெய்க் 1967இலேயே காட்டிவிட்டார். ஆகவே கற்பு என்பது இங்கே ஆண் கொடுத்த மருந்து.

இப்படியொரு மருந்தின் முகவரி தெரியவந்தது டீக்கடை வாழைத்தாரைச் சுற்றும் பழ ஈயில். 1988இல் சூரிச்சில் சென் குழுவினர் ஆண் பழ ஈயின் துணைச் சுரப்பியிலிருந்து 36 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இதன் தந்திரம் வியக்கத்தக்கது. விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு பெண்ணின் உடலுக்குள் போய், அங்கிருந்து கொஞ்சங்கொஞ்சமாக அறுபட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக வேலை பார்க்கிறது. ஆண் எப்போதோ பறந்துபோயிருப்பான். அவன் உத்தரவு மட்டும் உள்ளே தவணை தவணையாக அமலாகிக்கொண்டிருக்கும். உத்தரவை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை 2008இல் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத பெண் ஈ, கூடியபின்பும் கன்னிபோலவே நடந்துகொள்கிறது.

உத்தரவில் என்னென்ன? முட்டை அதிகம் இடு. அடுத்தவன் வந்தால் உதை. நிறையத் தின்னு, அதிலும் புரதமாகத் தின்னு. பகல் தூக்கத்தை விடு. இந்தக் கடைசி விதிதான் நம் ஆய்வுக்கு உயிர்நாடி. மட்டன் பிரியாணிக்குப் பின் மதியம் இரண்டு மணிக்கு ஆம்பூரில் கண்ணயராத உயிர் எதுவென்று கேட்டால், அது மணமான பெண் பழ ஈ.

‘பழ ஈயின் சட்டம் வீட்டு ஈக்குச் செல்லுமா?’ என்று எதிர்வாதி கேட்பார். நியாயமான கேள்விதான். இரண்டின் சுரப்பும் வேறு. பழ ஈக்கு அதற்கென்று தனிச் சுரப்பி உண்டு, வீட்டு ஈக்கு அதுவும் கிடையாது. எனவே தூக்க விதியை வீட்டு ஈயின் தலையில் கட்டமாட்டோம். ஆனால் முட்டை முற்றப் புரதம் வேண்டும் என்பது அவளுக்கும் பொருந்தும். ஒரு ஈட்டில் நூறு, நூற்றைம்பது முட்டை என்றால் சும்மாவா? கையை வீச வீச அதே கறித்துண்டில் வந்து உட்காருபவள் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுச் செலவுக்கு வந்தவள்.

ஆக, அவளைச் ‘சனியனே’ என்று திட்டுவது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. பழ ஈ ஆண்களின் சுரப்பு மேலும் மேலும் ஏறினால் பெண்ணின் ஆயுளே குறைகிறது என்று 1995இல் சாப்மன் குழு நிறுவியது. திட்டுச் சேரவேண்டியவன் இந்நேரம் பக்கத்து மேசை தயிர்வெங்காயத்தின் விளிம்பில் உட்கார்ந்து, அடுத்தவளுக்காகக் கால் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடும்.