லைசென்ஸ் இருக்கா?

என் மாமனார் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடையார் காந்தி நகரில் அவர் வீட்டு இரும்பு பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் எல்.ஐ.சி. பாலிசிக்கும் நடுவே, அட்டை மங்கிப்போன ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. ரேடியோ லைசென்ஸ். வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள வருஷத்துக்கு 15 ரூபாய் தபால் ஆபீஸில் கட்டி அதில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அரசாங்கம் அதை ரத்து செய்துவிட்டது. மாமனார் ரத்து செய்யவில்லை. “இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமே மாமா” என்றால், “நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நீங்க பதில் சொல்றீங்களா மாப்ளே?” என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், என் லேப்டாப்பில் வைஃபை செத்துவிட்டது என்று போனில் சொல்லியிருக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்சி. நான் சொல்லவில்லை. அவள்தான் அப்பாவிடம் பேசும்போது, கத்திரிக்காய் விலைக்கும் பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்கும் இடையில் சொன்னாள். மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு, “உள்ள ஒரு கார்டு இருக்கும். அதை மாத்தினா போச்சு. நான் வரேன்” என்று தீர்ப்பு வந்தது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால். லேப்டாப்புக்குப் பத்து வயதாகிறது. புதுசு வாங்கிவிடலாம் என்ற என் யோசனையை, மகளும் தகப்பனாரும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே குரலில் நிராகரித்தார்கள். மகளுக்குத் தீபாவளி பட்ஜெட். தகப்பனாருக்கு ரிச்சித் தெரு.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சித் தெரு பொடிநடை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அங்கே பல தெருக்கள் உண்டு. ஆனால் எதில் நின்றாலும் நீங்கள் நிற்பது ரிச்சித் தெருதான். மாமனார் வாலிபத்தில் வால்வும், பிறகு ஏ.சி. 128 டிரான்சிஸ்டரும் வாங்க வந்து போன இடம். “இந்த மூலைல ஒரு பாய் இருந்தாரு. மல்டிமீட்டரே வேணாம், கையில உருட்டிப் பாத்தே இது போயிடுச்சும்பாரு” என்று அவர் காட்டிய மூலையில் இப்போது சிசிடிவி கேமராக்கள் சரம்சரமாகத் தொங்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தெருவில் காலை வைத்ததுமே, “சார் என்ன வேணும்? டிஸ்ப்ளேவா, கீபோர்டா, ரிமோட்டா?” என்று பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள். பதில் சொல்லாமல் நடக்க வேண்டும் என்பது விதி. மாமனார் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார்.

“வைஃபை கார்டா? ஹாஃபா, எம்-டூவா?” என்றார் கடைக்காரர்.

இது நியாயமான கேள்வி. பழைய லேப்டாப்களில் இருப்பது ‘ஹாஃப் மினி’ கார்டு. 30 மில்லிமீட்டருக்கு 26.8 மில்லிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. பிறகு வந்த எம்-டூ இன்னும் ஒல்லி, 22 மில்லிமீட்டர். ஒன்றின் வாயில் மற்றது போகாது. எம்-டூவிலும் ஒரு வில்லங்கமான ஜாதி உண்டு. அதில் வைஃபையின் பாதி மூளை கார்டிலும், மீதி மூளை பிராசசர் பக்கமும் இருக்கும். அதற்கேற்ற பிராசசர் இல்லாத லேப்டாப்பில் சொருகினால் கார்டு வெறும் அட்டை. நல்லவேளை, எங்களுடையது மூளை முழுசாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. ஹாஃப் மினி ஒன்றைப் பாக்கெட்டோடு வாங்கினோம். “ரிட்டர்ன் கிடையாது சார், எக்ஸ்சேஞ்ச்தான்” என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது. ஸ்டாம்ப் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மாமனார் பார்த்துக்கொண்டார்.

ஸ்க்ரூடிரைவர் செட்டைத் தி. நகர் போன மனைவி ரங்கநாதன் தெரு பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கிவந்தாள். அது நன்றாகவே இருந்தது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

லேப்டாப்பைத் திறப்பதற்கு மாமனாருக்கு ஒரு முறை இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். பிறகு பாட்டரியைக் கழற்றினார். எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தார். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்க வேண்டுமாம். “நீங்களும் தொட்டுட்டு வாங்க.” தொட்டுவிட்டு வந்தேன். என்னை எதையும் தொட விடவில்லை என்பது வேறு விஷயம். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும், அது எந்த ஓட்டையில் இருந்ததோ பேப்பரில் அந்த இடத்திலேயே வைத்தார். நீளமானது, குட்டை, தலை பெரிசு என்று பக்கத்திலேயே எழுதினார். எழுதும்போது மெலிதாக நடுங்குகிற கை, ஸ்க்ரூவை எடுக்கும்போது நடுங்கவில்லை.

மூடியைத் தூக்கியதும் கார்டு தெரிந்தது. அதன் தலையில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு மெல்லிய ஒயர்கள். நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைக் குமிழ்.

“ஏரியல்!” என்று கத்தினார் மாமனார். உள்ளே இருந்து மனைவி ஓடிவந்தாள்.

ஏரியல்தான். அந்த ஒயர்கள் கீல் வழியாக ஏறி, திரையின் ஓரத்தில் போய்ப் படுத்திருக்கின்றன. திரையைத் தூக்கி வைப்பதே ஏரியலைத் தூக்கி வைப்பதுதான். அவர் காலத்தில் ஹால் முழுக்கச் சுவருக்குச் சுவர் செப்புவலை நாடா கட்டுவார்கள். ரேடியோவை வாங்கி வைத்திருப்பதை விருந்தாளிக்கு முதலில் சொல்வது அந்த நாடாதான். இதில் எல்லாம் உள்ளடக்கம். குமிழை நகத்தால் நேர் மேலே நெம்பி எடுத்து, புதுக் கார்டின் மேல் குறிபார்த்து வைத்து அழுத்த வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் பிய்ந்துவிடும். மாமனார் மூச்சைப் பிடித்து அழுத்தினார். ‘டிக்’ என்றது. இன்னொரு ‘டிக்’. மனைவி இரண்டு காபி கொண்டுவந்து, நான் சும்மா நிற்பதைப் பார்த்து ஒன்றை அவரிடம் மட்டும் கொடுத்தாள்.

ஸ்விட்சைப் போட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அனுமதி பெறாத நெட்வொர்க் கார்டு சொருகப்பட்டிருக்கிறது, பவரை அணைத்துவிட்டு அதை எடுத்துவிடவும் என்பது அதன் சாரம். விண்டோஸ் வாசல் வரைகூட விடவில்லை.

மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

“லைசென்ஸ் கேக்குது!”

விஷயம் அதேதான். அந்தக் காலத்தில் சில கம்பெனிகள், தங்கள் லேப்டாப்பில் எந்தெந்த வைஃபை கார்டு போடலாம் என்று ஒரு பட்டியலை, விண்டோஸுக்கு முன்னால் எழுந்து லேப்டாப்பை எழுப்பும் பயாஸுக்குள் எழுதிவைத்தன. பட்டியலில் பெயர் இல்லாத கார்டு எவ்வளவு உசத்தியானாலும் வெளியே நில். கேட்டால், கார்டையும் ஏரியலையும் சேர்த்துத்தான் அரசாங்கம் சோதித்து ஒப்புதல் கொடுக்கிறது, ஜோடி மாறினால் ஒப்புதல் செல்லாது என்பார்கள். இருக்கலாம். எங்கள் அரசாங்கமோ அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரு வயர்லெஸ் கருவியை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்தியில் ஓடும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியில் விதி போட்டார்கள். அதனால்தான் நம் வீடுகளில் ரவுட்டர் கண் சிமிட்டுகிறது. வெள்ளைக்காரன் போட்ட பூட்டை டெல்லி திறந்துவிட்டது. என் லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது.

“இதுக்குத்தான் நான் புஸ்தகத்தைத் தூக்கிப் போடலை” என்றார் மாமனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மறுபடி ரிச்சித் தெரு. இந்த முறை மாடிப்படி ஏறி, பிரித்த லேப்டாப்கள் விற்கும் ஓர் இருட்டறை. எங்கள் லேப்டாப்பின் அதே கம்பெனி, அதே பார்ட் நம்பர் இருந்தால்தான் பட்டியலில் தேறும். அட்டைப்பெட்டி நிறையக் கார்டுகளைக் கொட்டி, மாமனாரும் கடைப்பையனும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்கள். இவர் பையனுக்கு ஏ.சி. 128 பற்றிச் சொன்னார். பையன் இவருக்கு, பண்டல் பண்டலாகக் கப்பலில் வந்திறங்கும் பழைய அமெரிக்க ஆபீஸ் லேப்டாப்கள் பற்றிச் சொன்னான். நம்பர் கிடைத்தது. விலை, புதுசில் பாதிகூட இல்லை.

பயாஸ் ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் வந்தது. டிரைவர் இல்லை என்றது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். மனைவியின் போனை யு.எஸ்.பி. ஒயரில் சொருகி, அவள் சீரியல் பார்க்கும் நேரத்தில் அவளுடைய டேட்டாவை உறிஞ்சித்தான் இந்த முடிச்சை அவிழ்த்தோம். இதற்கே இப்படிச் சலித்துக்கொள்பவர்கள் இருபது வருஷத்துக்கு முந்தைய லினக்ஸ்காரர்களைப் பார்த்திருக்க வேண்டும். விண்டோஸுக்காக எழுதிய டிரைவரை ஏமாற்றி லினக்ஸில் ஓடவைக்க ‘என்டிஸ்ராப்பர்’ என்று ஒரு கருவி இருந்தது. அது வேலை செய்த அன்று கோவிலுக்குப் போனவர்கள் உண்டு.

“அந்தக் காலத்துல இந்த வம்பெல்லாம் ஏது?” என்றாள் மனைவி. கேட்டிருக்கக் கூடாது. தொண்ணூறுகளிலேயே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் ‘கார்டெக்ட்’ என்ற ஒயரில்லாத போன் முறையைச் செய்து, போன் பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டையும் காற்றில் அனுப்பியதை மாமனார் எடுத்துவிட்டார். அங்கிருந்து 1895க்குப் போனார். கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் அனுப்பிய அலை, சுவரைத் தாண்டி, குறுக்கே நின்ற லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டி மணியடித்ததாம். எங்கள் ரவுட்டர் அலை, பூஜை அறைச் சுவரைத் தாண்டுவதில்லை. கவர்னரைத் தாண்டுமா என்று சோதிக்க வசதியில்லை.

டிரைவர் ஏறியது. பட்டியல் விரிந்தது. ‘ஸ்ரீராமஜெயம் செகண்ட் ஃப்ளோர்’, ‘பாஸ்வேர்ட் கேக்காதே’, ‘டாக்டர் கிளினிக் கெஸ்ட்’, ‘மாமி வீடு 2’. ஊரார் நெட்வொர்க் எல்லாம் தெரிந்தது. எங்களுடையது மட்டும் இல்லை. மனைவியின் போனில் அதே நெட்வொர்க் முழுக் கோடு காட்டியது. லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ரவுட்டர் மேலேயே வைத்தேன். மாமனார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“ரவுட்டர் எந்த சானல்ல இருக்கு?”

அது நெட்டுக்காரப் பையனுக்குத்தான் தெரியும். 192.168.1.1 என்று அடித்து உள்ளே போகும் பாஸ்வேர்டை அவன் மாற்றி வைத்திருந்தான். கூப்பிட்டதும் வந்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போனிலேயே பார்த்துச் சொன்னான். “பதிமூணு சார். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு எல்லாத்துலயும் செம கூட்டம். உங்களுக்குன்னு நான்தான் காலியா பாத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“முள்ளு போகாத எடத்துல ஸ்டேஷன் இருந்தா எப்படி மாப்ளே கேக்கும்?” என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நமக்கு 13 சானல்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் கார்டுகள் பொதுவாக 11ஓடு நின்றுவிடும். எங்கள் கார்டு கப்பலில் வந்தது. லஸ்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அது அமெரிக்க விதியை அனுசரித்துக்கொண்டிருந்தது. பையன் சானலை 11க்கு மாற்றினான். அடுத்த கணம் எங்கள் நெட்வொர்க் பட்டியலில் வந்து, ஸ்ரீராமஜெயத்துக்குக் கீழே உட்கார்ந்தது. “ரெண்டாவது மாடிக்காரரும் இதுலதான் இருக்காரு சார். அவர் மேட்ச் பாக்கும்போது கொஞ்சம் இழுக்கும்” என்று சொல்லிவிட்டுப் பையன் போனான்.

பட்டியலில் தேறாத அந்தப் புதுக் கார்டு அலமாரியில் கிடந்தது. மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை அதையும் ஸ்டாம்ப் விழுந்த பில்லையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்கே போனோம். பணம் திரும்ப வராது. அதே விலைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். மவுஸ் வேண்டாம், பென் டிரைவ் வேண்டாம் என்று மாமனார் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைக்காரர் கார்டைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

“நல்ல கார்டு சார் இது. இதைக் கேள்வி கேக்காம எடுத்துக்கற லேப்டாப் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, செகண்ட்ஸ்ல. காட்டட்டுமா?”

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பின்னாடி மூடியைக் கழட்டிக் காட்டுங்க தம்பி.”